தேதி கொடுக்கும் முன் கேளுங்கள்

பிப்ரவரி 9

அன்புள்ள தங்கச்சிக்கு,

அண்ணன் எழுதுவது. ஆமாம், அண்ணனேதான். நான் சொல்லச் சொல்ல உன் அண்ணி எழுதியது இல்லை. நானே என் கையால் எழுதுகிறேன். இங்கே நாங்கள் இரண்டு பேரும் சுகம். உன் கழுத்து வலி எப்படி இருக்கிறது?

இந்த நாலு வரி எழுதுவதற்குள் டீ ஆறிவிட்டது. அண்ணி எட்டிப் பார்த்தாள். "என்ன, காதல் கடிதமா? இம்புட்டு நேரம் எழுதுறீங்க?" என்றாள். "உனக்கு எழுதாம விட்டதையெல்லாம் சேத்து எழுதுறேன்" என்றேன். சிரித்தாள். ஆனாலும் அவளுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். இத்தனை வருஷம் நீ போனில் அனுப்பியதையெல்லாம் அவள்தான் எனக்குப் படித்துக் காட்டினாள். அந்த உத்தியோகம் போய்விட்டதே!

நூலக மாடியில் சாயங்கால வகுப்பு நடக்கிறது. போன வருஷம் சேர்ந்தேன். உன்னிடம் சொல்லவில்லை. பாதியில் விட்டுவிட்டால் கேவலம் என்று பயம். பஸ் டிப்போவில் டயர் கழற்றி மாட்டியே வயதாகிவிட்டது. அப்போதெல்லாம் பஸ்ஸின் நெற்றியில் எழுதியிருப்பதை நிறத்தையும் நம்பரின் உருவத்தையும் வைத்துத்தான் கண்டுபிடிப்பேன். இப்போது தெருவில் நடந்தால் பலகைகள் எல்லாம் என்னைக் கூப்பிடுகின்றன. ஒன்றுக்காவது பதில் சொல்லாமல் போக முடியவில்லை. சைக்கிள் கடை, ஜெராக்ஸ், இங்கே குப்பை கொட்டாதே. எல்லாம் படிக்கிறேன். அண்ணி என்னோடு கடைக்கு வரவே மறுக்கிறாள்.

ஒன்று கேட்க வேண்டும். நீ என்ன வேலை செய்கிறாய்? யாராவது கேட்டால் கம்ப்யூட்டர் என்று சொல்லிவிடுகிறோம். கம்ப்யூட்டர் என்ன செய்கிறது, அதில் நீ என்ன செய்கிறாய்? எழுது. போனில் சொல்லாதே. போனில் சொன்னால் ஒரு தரம்தான் கேட்கலாம்.

நேரத்துக்குச் சாப்பிடு. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் பதிலுக்காகத் தபால்காரரைத் தொந்தரவு செய்யப்போகும்
அண்ணன்


மார்ச் 2

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் நலம். நீங்களும் அண்ணியும் நலமாக இருப்பது அறிந்து மகிழ்ச்சி. உங்கள் கடிதத்தை ஆபீஸ் பையிலேயே வைத்திருக்கிறேன். கையால் எழுதிப் பழக்கம் விட்டுப்போனதால் என் எழுத்து கோழி கிளறியது போல் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் வேலையைச் சொல்கிறேன். எங்கள் கம்பெனி மருந்துக் கடைகளுக்கு சாஃப்ட்வேர் எழுதுகிறது. பில் போடுவது, எந்த மருந்து காலாவதியாகிறது என்று காட்டுவது, இருப்பு குறைந்தால் சொல்வது. மாதா மாதம் அதைப் புதுப்பித்து அனுப்புகிறோம். ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒன்று உடைகிறது. கடைகளிலிருந்து போன் வருகிறது. எங்கள் ஆபீஸ் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை வந்து உட்கார்ந்து ஒட்டுப்போடுகிறார்கள்.

இந்த வேலை நடக்கிற முறையைச் சீர்படுத்தும் பொறுப்பை இயக்குநர் எனக்குக் கொடுத்திருக்கிறார். இரண்டு வழிகள் இருக்கின்றன. முதல் வழி ஒரு பெரிய விதிப்புத்தகம். எந்த வேலைக்குப் பிறகு எந்த வேலை, யார் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும், எல்லாம் அதில் இருக்கும். வெளியாட்கள் வந்து சோதித்துச் சான்றிதழ் தருவார்கள். அதை வாசலில் மாட்டலாம். வாடிக்கையாளர்களுக்கு அது பிடிக்கும். இரண்டாவது வழியில் புத்தகம் கிடையாது. ஒரு டீமோடு உட்கார்ந்து, எங்கே வலிக்கிறது என்று கேட்டு, ஒன்றை மட்டும் சரிசெய்து, பொறுத்துப் பார்த்து, அடுத்ததைத் தொடுவது. மெதுவாக நடக்கும். மாட்டிவைக்க ஒன்றும் கிடைக்காது.

ஒரு டீமில் இரண்டாவது வழியை முயன்று பார்க்க அனுமதி வாங்கியிருக்கிறேன். ஆகஸ்டில், கம்பெனி முழுக்க எந்தத் திசையில் போவது என்று நான் சொல்ல வேண்டும்.

இதில் சிக்கல், யாரும் வாய் திறப்பதில்லை. கம்ப்யூட்டரில் கேள்விகள் அனுப்பினேன். எல்லோரும் 'நன்று' என்ற கட்டத்தை அழுத்தியிருந்தார்கள். நேரில் கேட்டால், "ஒரு பிரச்சினையும் இல்ல மேடம்" என்கிறார்கள். அந்த வாரமும் ஞாயிற்றுக்கிழமை அத்தனை பேரும் ஆபீசில்தான் இருந்தார்கள்.

கழுத்து வலி அப்படியே இருக்கிறது. அண்ணிக்கு என் அன்பு.

தங்கள் தங்கை


மார்ச் 25

என் அருமைத் தங்கச்சிக்கு,

உன் கடிதம் கையில் கிடைத்தது. படித்து முடிக்க இரண்டு சாயங்காலம் ஆயிற்று. யாரிடமும் கேட்கவில்லை. 'காலாவதி' என்ற இடத்தில் மட்டும் கொஞ்சம் தடுக்கி விழுந்தேன். இங்கே எல்லோரும் சௌக்கியம். அண்ணிக்கு முழங்கால் மட்டும் முனகுகிறது. அவளும் கூடச் சேர்ந்து முனகுகிறாள்.

உன் எழுத்தை நான் இதற்குமுன் பார்த்ததே இல்லை என்று இப்போதுதான் உறைத்தது. பார்த்திருப்பேன், ஆனால் அது வெறும் கோடாகத்தான் இருந்திருக்கும். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது வேகமாக நடப்பாய், மூலையில் திரும்பும்போது சறுக்குவாய். உன் எழுத்தும் அப்படித்தான் வரியின் கடைசியில் சறுக்குகிறது. எழுத்தைப் பார்த்தால் ஆளைப் பார்த்த மாதிரி இருக்கிறது!

எங்கள் வகுப்பில் நடந்ததைக் கேள். டீச்சர் ஆளுக்கொரு துண்டுத்தாள் கொடுத்தார். "உங்க மனசை உறுத்துற ஒரு விஷயத்தை ஒரே வரியில எழுதுங்க. பேர் போட வேணாம்" என்றார். மடித்து ஒரு டப்பாவில் போட்டோம். ஒன்றை எடுத்து எங்கள் பக்கம் காட்டிப் படித்தார். 'என் மகன் வீட்டுக்கு வந்தால் அவன் அம்மாவிடம் மட்டும் பேசுகிறான்.' எழுதியது யார் என்று எனக்குப் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. என் பக்கத்து பெஞ்சு நாவிதன்தான். கத்திரி பிடிக்கிற மாதிரி பேனா பிடிப்பான், எழுத்தெல்லாம் நறுக்கு நறுக்கென்று இருக்கும். எனக்கு அவனை முப்பது வருஷமாகத் தெரியும். கடையில் உட்கார்ந்து ஊரெல்லாம் பேசுவான். இதை மட்டும் பேசியதே இல்லை.

வாயால் வராதது கையால் வருகிறது, பார்த்தாயா! உன் ஆபீஸ் பிள்ளைகளைக் கட்டத்தை அழுத்தச் சொன்னால் அழுத்திவிட்டுத்தான் போவார்கள். என்னையும் பென்ஷன் ஆபீசில் அழுத்தச் சொன்னார்கள், எதை அழுத்தினேன் என்று இன்னும் தெரியாது.

கழுத்துக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. அண்ணி சொல்லச் சொன்னாள்.

பிரியமுள்ள
அண்ணன்


ஏப்ரல் 20

அன்புள்ள அண்ணா,

நலம். ஒத்தடம் கொடுத்தேன், வலி குறைந்திருக்கிறது என்று அண்ணியிடம் சொல்லுங்கள். முழங்காலுக்கு டாக்டரைப் பார்த்தீர்களா? முனகலை மட்டும் எழுதினால் போதாது.

உங்களுக்கு ஒரு சேதி. உங்கள் கடிதத்தைப் படித்த மறுநாள் மஞ்சள் நிறத் துண்டுத்தாள்கள் வாங்கிக்கொண்டு ஆபீசுக்குப் போனேன். டீமில் எல்லோருக்கும் கொடுத்தேன். "இந்த வாரம் எது வலிச்சுதோ, ஒரே வரி. கையால எழுதுங்க. பேர் வேணாம். யார் எழுதினதுன்னு நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்" என்றேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் எல்லாவற்றையும் ஒரு சுவரில் ஒட்டினோம்.

முதல் வாரம் ஏசியைப் பற்றித்தான். 'நாங்கள் மனிதர்கள், மீன் இல்லை. இவ்வளவு குளிர் வேண்டாம்.' அதற்கடுத்த வாரம், 'சாப்பிட்டவுடன் கூட்டம் வைக்கிறவருக்குத் தூக்கமே வராதா?' எல்லோரும் சிரித்தார்கள். சிரித்த பிறகு உண்மை வர ஆரம்பித்தது. 'சோதிக்க நேரம் தராமல், ஏன் சோதிக்கவில்லை என்று கேட்காதீர்கள்.' மூன்றாவது வாரம் நடுவில் ஒரு சீட்டு இருந்தது. 'வாடிக்கையாளருக்குத் தேதி கொடுத்த பிறகு எங்களிடம் வருகிறீர்கள். தேதி கொடுக்கும் முன் கேளுங்கள்.'

அதுதான் அண்ணா. அந்த ஒரு வரியில் எல்லாம் இருக்கிறது. தேதியை இயக்குநர்தான் கொடுக்கிறார். கொடுத்துவிட்டு வந்து அறிவிக்கிறார். அதற்குப் பிறகு எல்லோரும் ஓட வேண்டியதுதான்.

டீமில் ஒருவர் இருக்கிறார். எழுதிய புரோகிராமைக் கடைக்கு அனுப்பும் முன் சோதித்துப் பார்ப்பவர். நத்தை என்பார்கள். இரண்டே விரலால் தட்டுவார், அதுவும் இடது கை முந்தும். "என்ன நத்தை, இன்னுமா முடியல?" என்று யாராவது கேட்டால், "நீங்க ஓடிப்போய் விழுந்த எடத்துக்குத்தான் நடந்து வந்துக்கிட்டிருக்கேன்" என்பார். இந்த மாதம் டீம் தலைவர், இயக்குநருக்கு வாக்குக் கொடுப்பதற்கு முன் முதல் தடவையாக நத்தையிடம் போய் எத்தனை நாள் வேண்டும் என்று கேட்டார். அத்தனை நாளை இயக்குநரிடம் கேட்டு வாங்கினார். புதுப்பித்தது கடைகளுக்குப் போனது. ஒரு போனும் வரவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் தூங்கினேன்.

யோசனை உங்களுடையது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளம்.

அன்புடன்,
தங்கை


மே 11

என் தங்கமான தங்கச்சிக்கு,

அண்ணனும் அண்ணியும் குறைவில்லாமல் இருக்கிறோம். டாக்டர் முழங்காலைப் பார்த்தார். எடையைக் குறைக்கச் சொன்னார். அதிலிருந்து அந்த டாக்டர் சரியில்லை என்று அண்ணி சொல்கிறாள்.

உன் கடிதத்தை வகுப்புக்கு எடுத்துப்போய் நானே எழுந்து நின்று படித்தேன். ஏசி மீன் வந்தபோது எல்லோரும் சிரித்தார்கள். யோசனை உங்களுடையது என்ற இடத்தை இரண்டு தடவை படித்தேன். டீச்சர் கை தட்டினார். போர்டில் எழுதிப்போட்டார், நம் வகுப்பின் யோசனை ஒரு கம்ப்யூட்டர் ஆபீசில் நடக்கிறது என்று. அது மூன்று நாள் அழிக்கப்படாமல் இருந்தது. நாவிதன் சொன்னான்: "இனிமே உங்களுக்கு முடி வெட்டணும்னா நான்தான் வந்து அனுமதி கேக்கணும்போல. பெரிய எடத்துக்கே வழி சொல்ற ஆளாயிட்டீங்க." "தலையில முடி இருந்தாத்தானே நீ கேக்கணும்" என்று பின்னாலிருந்து தையல்காரம்மா சொன்னாள்.

சுவரில் இந்த வாரம் என்ன வந்தது? எழுது. அந்த நத்தை என்கிற மனுஷனை எனக்கு ரொம்பப் பிடித்துப்போய்விட்டது. நானும் அவரைப் போலத்தான் எழுத்தெழுத்தாக நடந்து வருகிறேன். இடது கைக்காரர் என்றாயே, அவர் எழுத்து எப்படி இருக்கும்? அவருக்கு என் வணக்கத்தைச் சொல். மறக்காதே.

உடம்பைப் பார்த்துக்கொள். மத்தியானத் தூக்கத்தை விடாதே.

நெஞ்சு நிமிர்ந்து நடக்கும்
அண்ணன்


ஜூன் 8

அன்புள்ள தங்கச்சிக்கு,

இங்கே நலம். அங்கே நீ நலமாக இருக்க வேண்டும். போன மாதம் எழுதியதற்குப் பதில் இல்லை. தபால்காரர் என்னைப் பார்த்தால் எதிர்ப்பக்கத்து நடைபாதைக்கு மாறிவிடுகிறார். அண்ணி உனக்கு போன் செய்தாள். வேலை ஜாஸ்தி என்று சொன்னாயாம். சரி. வேலை முக்கியம்.

வகுப்பில் ஒவ்வொரு நாளும் சுவரைப் பற்றிக் கேட்கிறார்கள். என்ன சொல்வது என்று தெரியாமல், நன்றாகப் போகிறது என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

இரண்டு வரி போதும்.

அண்ணன்


ஜூன் 27

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் நலம். தாங்களும் அண்ணியும் நலமென நம்புகிறேன். பதில் தாமதமானதற்கு வருந்துகிறேன். வேலை அதிகம்.

சுவர் இருக்கிறது. வெள்ளிக்கிழமைதோறும் எல்லோரும் எழுதுகிறார்கள். இயக்குநர் வந்து பார்த்தார். அவருக்குப் பிடித்திருக்கிறது.

உங்கள் வணக்கத்தை நத்தையிடம் சொல்ல முடியவில்லை. அவர் இப்போது எங்கள் கம்பெனியில் இல்லை.

ஆகஸ்டில் அறிக்கை கொடுக்க வேண்டும். எழுதிக்கொண்டிருக்கிறேன். இங்கே மழை தொடங்கிவிட்டது. ஜன்னலைத் திறக்க முடியாது என்பதால் சத்தம் கேட்பதில்லை. கண்ணாடியில் வழிவது மட்டும் தெரியும்.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

தங்கள் தங்கை


ஜூலை 19

அன்புள்ள தங்கச்சிக்கு,

உன் கடிதம் வந்தது. நாங்கள் இருவரும் நலம். அண்ணி எடையைக் குறைத்துவிட்டாள், ஆனால் டாக்டர் சொன்னதற்காக இல்லையாம்.

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். சின்னக் கடிதம்தான், சீக்கிரம் முடிந்துவிடுகிறது. முடிந்தவுடன் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிப்பேன். உன் எழுத்து இந்தத் தடவை சறுக்கவே இல்லை. ஒவ்வொன்றும் நேராக, தனித்தனியாக நிற்கிறது. அச்சடித்த மாதிரி. கை தேறிவிட்டது என்று முதலில் சந்தோஷப்பட்டேன். அண்ணியிடம் காட்டினேன். அவள் பார்த்துவிட்டு, "இது தேறின கை மாதிரி தெரியலைங்க" என்றாள். "வேற என்ன?" என்றேன். "விடுங்க, அவளா சொல்லுவா. நோண்டாதீங்க" என்றாள். அதனால் நான் நோண்டவில்லை.

நத்தை ஏன் போனார்? வேறு நல்ல வேலை கிடைத்ததா? இது நோண்டுவது இல்லை, சும்மா கேட்கிறேன்.

உனக்குச் சிரிப்பு வரட்டும் என்று ஒரு காரியம் செய்தேன். இதனுடன் ஒரு மஞ்சள் சீட்டு இருக்கிறது. ஜெராக்ஸ் கடையில் வாங்கினேன். எனக்கு எது வலிக்கிறதோ அதை ஒரே வரியில் எழுதியிருக்கிறேன். பேர் போடவில்லை. 'என் தங்கை எனக்குச் சுருக்கமாக எழுதுகிறாள்.' இதையும் உங்கள் சுவரில் ஒட்டு. நானும் உங்கள் டீமில் ஒரு ஆள் என்று வைத்துக்கொள்.

மழையில் நனையாதே.

அண்ணன்


செப்டம்பர் 3

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலமாக இருக்கிறீர்களா? அண்ணியின் முழங்கால் தேவலையா? எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. இந்தக் கடிதத்தை வகுப்புக்கு எடுத்துப்போக வேண்டாம்.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். வேறு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

மே மாதம் இயக்குநர் சுவரைப் பார்க்க வந்தார். நின்று எல்லாவற்றையும் படித்தார். ஏசி மீனுக்குச் சிரித்தார். தேதி பற்றிய சீட்டை மட்டும் சுவரிலிருந்து எடுத்து என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். "நல்ல முயற்சி. இது யாரு எழுதினதுன்னு தெரியுமா?" என்று கேட்டார். தெரியாது என்றேன். தெரியும். இடது பக்கம் சாய்ந்த எழுத்து அந்த மாடியில் ஒருவருக்குத்தான் உண்டு.

"பரவாயில்ல, நீங்க சொல்ல வேணாம்" என்று சொல்லிவிட்டு மேசை இழுப்பறையைத் திறந்தார். உள்ளே அவருடைய பிறந்தநாளுக்கு டீம் கொடுத்த வாழ்த்து அட்டை. ஒவ்வொருவரும் கையால் ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தோம். அட்டை வாங்கி வந்து எல்லோரிடமும் எழுதி வாங்கியது நான்தான். அவர் சீட்டை அதன் மேல் வைத்து ஒவ்வொரு வரியாக நகர்த்திப் பார்த்தார். அவசரமே இல்லை. மூன்றாவது வரியில் நிறுத்தினார். நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும் என்று நத்தை அதில் எழுதியிருந்தார்.

நான் எதிரில் உட்கார்ந்திருந்தேன். ஒன்றும் சொல்லவில்லை.

நத்தை அந்த மாதக் கடைசியில் போனார். வேகம் போதவில்லை என்று காரணம் எழுதினார்கள். போகும்போது என் மேசைக்கு வந்தார். "நீங்க சொல்லியிருக்க மாட்டீங்கன்னு தெரியும் மேடம்" என்றார். அதற்கும் நான் ஒன்றும் சொல்லவில்லை. கையிலிருந்த அட்டைப்பெட்டியில் அவருடைய தண்ணீர் பாட்டிலும் ஒரு ஸ்வெட்டரும் இருந்தன.

அதன் பிறகும் வெள்ளிக்கிழமைகளில் எல்லோரும் எழுதினார்கள். ஆளை அடையாளம் தெரியாதபடி அச்செழுத்து மாதிரி எழுதினார்கள். 'டீம் ஒற்றுமை நன்று.' 'புதிய முறை நன்று.' ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் மறுபடி நிரம்பியது. அதைப் பற்றி ஒரு சீட்டும் இல்லை.

உங்கள் சீட்டை ஒட்டினேன். அந்தச் சுவரில் இருந்த ஒரே குறை அதுதான். வந்தார்கள், படித்தார்கள், என்னைப் பார்த்தார்கள், போனார்கள். யாருக்கும் சிரிப்பு வரவில்லை. சாயங்காலம் பார்த்தபோது சீட்டு இல்லை. யார் எடுத்தார்கள் என்று தெரியாது. பயந்து போய் எடுத்திருப்பார்கள். யாருக்காகப் பயந்தார்கள் என்றும் தெரியாது.

ஆகஸ்டில் கூட்டம் நடந்தது. இயக்குநரும் மற்றப் பிரிவுத் தலைவர்களும் இருந்தார்கள். நான் பேசும் முன்பே அவர் சுவரின் படங்களைத் திரையில் போட்டார். "பாருங்க. ஏப்ரல்ல எத்தனை குறை, இப்ப ஒண்ணுகூட இல்ல. இதுதான் முன்னேற்றம். சான்றிதழுக்கு எதுக்குச் செலவு? எல்லா டீமுக்கும் சுவர் வெச்சிருவோம்" என்றார்.

நான் வேண்டும் என்று ஆசைப்பட்ட திசை அது. அவரே அதைத் தேர்ந்தெடுத்துவிட்டார்.

நான் எழுந்து, "சார், சுவர் செத்துப்போச்சு" என்றேன். "நத்தையைத் திரும்பக் கூப்பிடுங்க. தேதி கொடுக்கறதுக்கு முன்னால டீமைக் கேளுங்க. இந்த ரெண்டும் இல்லாம எந்த வழியில போனாலும் ஒண்ணுதான்" என்றேன். அறிக்கையின் முதல் பக்கத்திலும் அதையே எழுதி வைத்திருந்தேன்.

அவர் கோபப்படவில்லை. "அது ஆள் விஷயம். நாம இங்க பேசறது முறை விஷயம். ரெண்டையும் குழப்பாதீங்க" என்றார். மற்றவர்கள் தலையாட்டினார்கள். முதல் பக்கத்தை எடுத்துவிட்டு மீதியை அங்கீகரித்தார்கள். இப்போது எல்லா மாடியிலும் மஞ்சள் சுவர் இருக்கிறது. கீழே என் பெயரைப் போட்டிருக்கிறார்கள். எனக்குப் பதவி உயர்வு கொடுத்தார்கள். கதவு வைத்த அறை.

சந்தோஷம் இல்லை, அழுகையும் இல்லை. பல் டாக்டர் மரத்துப்போகும் ஊசி போட்டு அனுப்பியது போல் இருக்கிறது. தொட்டுப் பார்த்தால் நம் கன்னம்தான், ஆனால் நம்முடையது இல்லை.

யோசனை உங்களுடையது என்பதால்தான் இவ்வளவு நாள் எழுதாமல் இருந்தேன். உங்கள் மேல் ஒரு தவறும் இல்லை. வாயை மூடிக்கொண்டிருந்தது நான்.

அண்ணியிடம் உங்கள் இஷ்டம் போல் சொல்லுங்கள்.

தங்கை


அக்டோபர் 14

தங்கச்சிக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே உடம்பு சுகம். உனக்கும் உடம்பு சுகம் என்று எழுதியிருந்தாய். மற்றது சுகமில்லை என்று தெரிந்துகொண்டேன்.

பதில் தாமதமாயிற்று. படிக்கத் தெரியாமல் இல்லை. ஒரே தடவையில் படித்துவிட்டேன், எங்கும் தடுக்கவில்லை. அதற்குப் பிறகு பேனாவை எடுத்தால் ஒன்றும் வரவில்லை. எழுதப் படித்ததிலிருந்து இப்படி ஆனதில்லை. அண்ணி இரண்டு நாள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கடைசியில் கடிதத்தை அவளிடம் கொடுத்தேன். முழுக்கப் படித்துவிட்டு மடித்து வைத்தாள். "அவளுக்குக் கதவு வெச்ச ரூம் குடுத்திருக்காங்கல்ல. சாத்திக்கிட்டு ஒரு நாளாவது அழச் சொல்லுங்க" என்றாள். சொல்லிவிட்டேன்.

எழுத்தைப் பார்த்தால் ஆள் தெரியும் என்று உனக்கு எழுதியது நான்தான். எனக்குத் தெரிகிறபோது உன் இயக்குநருக்கும் தெரியும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. உனக்கும் தோன்றவில்லை. நாம் இரண்டு பேரும் சந்தோஷத்தில் இருந்தோம்.

கடிதத்தை வகுப்புக்கு எடுத்துப்போகவில்லை. ஆனால் நன்றாகப் போகிறது என்று முன்பு சொல்லிவைத்திருந்தேனே, அது உறுத்திக்கொண்டே இருந்தது. போன வாரம் எழுந்து நின்று, அந்தச் சுவரால் ஒரு மனுஷனுக்கு வேலை போய்விட்டது என்று மட்டும் சொன்னேன். டீச்சர் உட்கார்ந்துவிட்டார். நாவிதன் என்னோடு வீடு வரைக்கும் நடந்து வந்தான். வழியில் பலகைகள் இருந்தன, நான் எதையும் படிக்கவில்லை. வாசலில் வைத்துக் கேட்டான்: "அந்த ஆளு இப்ப என்ன பண்றாரு?"

எனக்குத் தெரியவில்லை. உன் கடிதத்திலும் இல்லை. உனக்கும் தெரியாது என்று நினைக்கிறேன்.

யோசனை என்னுடையது என்று பெருமையாக எழுந்து நின்று படித்தவன் நான். அதில் வேலை இழந்தவருக்கு நான் யார் என்றே தெரியாது. அவருக்குத் தெரிய வேண்டும். இன்று காலையில் ஒரு தாள் எடுத்து, 'ஐயா, என்னை உங்களுக்குத் தெரியாது' என்று எழுதினேன். அதோடு நிற்கிறது. மீதியை எழுதிவிடுவேன். நாளாகும், ஆனால் எழுதிவிடுவேன். கையெழுத்துப் போட்டுத்தான் அனுப்புவேன்.

ஆபீசில் யாரிடமாவது கேட்டு அவருடைய முகவரியை வாங்கு. கேட்டால் உன்னைப் பார்ப்பார்கள். பார்க்கட்டும். நீயே கேள்.

முகவரியை மட்டும் அனுப்பினால் போதும்.

அண்ணன்